வேகன் ஆரா, விட்ஸா? கல்லடிப் பாலத்திலிருந்து பதினெட்டு வளைவு வரை

மட்டக்களப்பில் ஏற்றம் என்று சொல்ல இருப்பது கல்லடிப் பாலம் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு காரின் இழுவை பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். நானும் அவர்களில் ஒருவன்தான். என்னிடம் இருப்பது 2017ஆம் ஆண்டு மொடல் சுஸுகி வேகன் ஆர் ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினுக்குத் துணையாகச் சின்ன மின்மோட்டரும் உள்ள கார். மச்சானிடம் டொயோட்டா விட்ஸ், ஆயிரம் சிசி. போன விடுமுறைக்கு இரண்டு வீட்டாரும் கண்டிக்குப் போனபோது, மகா ஓயாவில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் சாவியை மாற்றிக்கொண்டோம்.

முதலில் எஞ்சின். இரண்டும் மூன்று சிலிண்டர், இரண்டும் தானாக மாறும் சிவிடி கியர். வேகன் ஆர் 658 சிசி, 52 குதிரைவலு. விட்ஸ் 996 சிசி, 69 குதிரைவலு. "பாதிக்குப் பாதி வித்தியாசம்" என்று விட்ஸ்காரர்கள் சொல்வார்கள். எடையைக் கணக்கில் எடுத்தால் கதை மாறும். வேகன் ஆர் 800 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, விட்ஸ் 970 கிலோ அளவு. ஒரு தொன்னுக்கு எத்தனை குதிரை என்று பிரித்துப் பார்த்தால் வேகன் ஆருக்கு 66, விட்ஸுக்கு 71. தனியாக ஓட்டும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியவே தெரியாது. அதோடு வேகன் ஆரின் சின்ன மோட்டர் புறப்படும் நேரத்தில் ஒரு தள்ளுத் தள்ளும். மூன்று குதிரைவலுதான், ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்ப அது போதும். கல்முனை றோட்டில் ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று மாட்டுக்கும் சைக்கிளுக்கும் நின்று நின்று போகும்போது என்னுடையதுதான் சுகம்.

ஆட்களை ஏற்றினால்தான் உண்மை வெளியே வரும். நான்கு பேரும் பைகளும் சேர்ந்து 300 கிலோ என்று வையுங்கள். அதே கணக்கு இப்போது 48, 54. எடை குறைந்த காருக்குத்தான் சுமை கூடுதலாக வலிக்கிறது. மகியங்கனை தாண்டி, கண்டிப் பக்கம் ஏறும் மலைப்பாதையான பதினெட்டு வளைவில் ஏறும்போது மச்சான் என் காரை மிதித்த மிதியில் எஞ்சின் கத்தியது, வேகமோ கூடவில்லை. மேலே வந்து கதவைத் திறந்தவுடன், "மச்சான், உன்ர காருக்கு வாய்தான் பெரிசு" என்றான். விட்ஸும் பறக்கவில்லை, அதுவும் முனகித்தான் ஏறியது. ஆனால் வளைவை விட்டு வெளியே வரும்போது கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இறக்கத்தில் இரண்டிலும் ஒரே பாடம்: பிறேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் கீழே இழுத்து, எஞ்சின் பிடியில் இறங்க வேண்டும்.

அடுத்தது காற்று. கச்சான் வீசும் மாதங்களில் கரையோர றோட்டில் ஓட்டியவர்களுக்குப் புரியும். றோட்டு வடக்குத் தெற்காகப் போகிறது, காற்று மேற்கிலிருந்து விலாவில் அடிக்கிறது. வேகன் ஆரின் உயரம் 1650 மில்லிமீற்றர், அகலம் 1475. எதிரே பஸ் ஒன்று கடந்து போனால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். விட்ஸ் 1500 உயரம், 1695 அகலம், நிலத்தோடு படிந்து போகும். சட்டப்படி ஊருக்கு வெளியே 70தான் என்றாலும், அந்த 70இல்கூட எந்தக் காரில் தோள் தளர்ந்திருக்கிறது என்பது முக்கியம். இதில் நான் வாதாடப் போவதில்லை. விட்ஸ்தான்.

ஆனால் அதே உயரம்தான் அம்மாவுக்குப் பிடிக்கிறது. முழங்கால் நோவோடு விட்ஸுக்குள் குனிந்து இறங்கி, பிறகு எழும்பி வருவதற்கு அவருக்கு ஒரு கை பிடிக்க வேண்டும். வேகன் ஆரில் கதிரையில் இருப்பதுபோல நேராக இருக்கிறார். பின் சீற்றை மடித்தால் நெல்மூட்டையும் ஏறும், தயிர்ச்சட்டியும் சாயாமல் நிற்கும். பின்கதவுகளில் குடை செருக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், வடியும் தண்ணீர் காருக்கு வெளியே போய்விடும். மார்கழி மழையில் இதைச் செய்தவனுக்குக் கோயில் கட்டலாம்.

பெற்றோல் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. என் ஓட்டத்தில் லீற்றருக்கு 18 கிலோமீற்றர், மச்சானுக்கு 15. கவனிக்க வேண்டியது தாங்கிதான். வேகன் ஆருக்கு 27 லீற்றர், விட்ஸுக்கு 42. கொழும்புக்குத் தாங்கி நிரம்ப அடித்துக்கொண்டு போனால் விட்ஸ் ஏறக்குறைய திரும்பி வந்துவிடும், நான் இடையில் ஒரு பெற்றோல் செட்டுக்குள் நுழைய வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூஆர் பங்கீட்டில் வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்த காலத்தில் மச்சான் என் வீட்டுப் பக்கம் அடிக்கடி வந்தான். காரோடு அல்ல, துவிச்சக்கர வண்டியில்.

ஹைபிரிட் என்றவுடன் பற்றரிக்குப் பயப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டொயோட்டா அக்குவா போன்றது முழு ஹைபிரிட், மின்மோட்டரில் மட்டுமேகூட ஓடும். அதன் பெரிய பற்றரி பழுதானால் செலவு தலைக்கு மேல் போகும். வேகன் ஆரில் இருப்பது முன் சீற்றுக்கு அடியில் சின்ன லித்தியம் பெட்டி. எனக்குத் தொல்லை வேறு இடத்தில்: சந்தியில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். குளிரைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்க ஏசிக்குள் ஏற்பாடு இருந்தாலும், கச்சான் வெயிலுக்கு அது காணாது. புறப்படும்போதே அந்த அணைப்பை நிறுத்தும் பொத்தானை அமத்திவிடுகிறேன்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025இல் மறுபடி தொடங்கும்வரை இருந்த கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. அதனால் எதை வாங்கினாலும் மீற்றரைப் பார்ப்பதற்கு முன் காரைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். கடற்கரை ஓரம் நின்று துருப்பிடித்த கார் என்றால், கராஜ் பாஸ் ஸ்குறூட்ரைவரால் தட்டும் சத்தத்திலேயே விசயம் தெரிந்துவிடும்.

ஊருக்குள் ஓட்டமும் வயசான ஆட்களும் என்றால் வேகன் ஆர். மாதம் ஒரு தடவையாவது நாலு பேரோடு மலை ஏறுவதென்றால் விட்ஸ். நான் மாற்றப்போவதில்லை. அடுத்த தடவை நுவரெலியா போவதாகப் பேச்சு இருக்கிறது, ஆனால் சாவி மாற்ற மச்சான் இன்னும் சம்மதிக்கவில்லை.