ஒன்பது ஆண்டுகள் தனியார் மருத்துவக் காப்பீடு: அறை வாடகை வரம்பும் அம்மாவின் காப்பீட்டு அட்டையும்

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டதால், 23,600 ரூபாய் கட்டிவந்த என் குடும்பப் பாலிசிக்கு இம்முறை 20,000 ரூபாய்தான் ஆயிற்று. இதைக் கேள்விப்பட்ட தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர், "அண்ணே, இப்போ பிரைவேட்ல போட்டுடலாமா, இல்ல முதலமைச்சர் காப்பீடே போதுமா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் இரண்டையும் பயன்படுத்தியிருப்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பாலிசியில் என்னை உறுத்திக்கொண்டிருப்பது அறை வாடகை வரம்பு. 2023இல் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தோம். ஐந்து லட்சம் ரூபாய் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகைக்கு ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய்தான் அனுமதி. அன்றிரவு காலியாக இருந்ததோ 8,000 ரூபாய் அறை. நாளுக்கு 3,000 ரூபாய் வீதம் நான்கு நாளுக்கு 12,000 ரூபாய் கையிலிருந்து போகும், போகட்டும் என்று நினைத்துத்தான் கையெழுத்திட்டேன். ஆனால் வாடகையில் எந்த விகிதத்தில் குறைத்தார்களோ, அதே விகிதத்தில் அறுவை சிகிச்சைக் கட்டணம், மருத்துவர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் குறைத்துவிட்டார்கள். 1,04,000 ரூபாய்க்கு 65,000 ரூபாய் மட்டுமே வந்தது. 30,000 ரூபாய் மருந்துச் செலவில் இந்த விகிதக் கழிவு இல்லை என்றாலும், கையுறை போன்றவற்றுக்கான 6,000 ரூபாய் சேராது என்றார்கள். மொத்தம் 1,66,000 ரூபாய் பில்லில் 57,000 ரூபாயை நான் கட்டிய பிறகே மனைவியை வீட்டுக்கு அழைத்துவர முடிந்தது.

நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர, அதே அறுவை சிகிச்சைக்கான கட்டணமும் உயர்கிறது. அந்த நிபந்தனைக்குக் காரணம் அதுதான். பாலிசிப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் அது அச்சிடப்பட்டும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசிய முகவர், அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. அன்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் மறுநாள் வரை பொது வார்டிலேயே இருந்திருப்போம். அந்தக் கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை.

அம்மா காசிமேட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணனின் குடும்ப அட்டையில் பெயர் இருப்பதால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் இப்பெயரில் நடந்து, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்ட இதில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சந்தாவை அரசே கட்டுகிறது. அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது, காப்பீட்டுப் பிரிவில் அவருடைய கைரேகை நான்கு முறை பதியவில்லை. நாற்பது ஆண்டுகள் இறால் உரித்துத் தேய்ந்த விரல்கள் அவை. அங்கிருந்த பெண் சலித்துக்கொள்ளாமல் ஈரத் துணியால் அம்மாவின் கட்டைவிரலைத் துடைத்து, "மெதுவா அழுத்துங்கம்மா" என்று தானே பிடித்து வைத்தார். ஐந்தாம் முறை பதிந்தது. ஒப்புதலுக்குச் சில நாட்கள் காத்திருந்தோம், அண்ணன் இரவுகளில் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தார். ஆனால் இந்த அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு தொகை என்று முன்பே வரையறுத்திருப்பதால், வீடு திரும்பும் நாளில் யாரும் எங்களிடம் எதையும் கழித்துக் காட்டவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்கரைப் பிடித்தபடி ஆட்டோவில் ஏறினார்.

அப்படியானால் நானும் அதிலேயே சேர்ந்துவிடலாமே என்றால், முடியாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; மாதத்துக்கு 10,000 ரூபாய். தங்கசாலையிலும் வியாசர்பாடியிலும் பதினைந்தாயிரம் சம்பளத்தில் வாடகையும் கட்டிப் பிள்ளைகளையும் படிக்கவைக்கும் குடும்பங்கள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. தனியார் சந்தாவும் அவர்களுக்கு எட்டாது. இவர்களுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு, ஆனால் அட்டையோடு தனியார் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு இல்லை. இந்த வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

தம்பிக்கு நான் சொல்வது இதுதான். உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தகுதி இருந்தால், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு முதலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்குப் போ. உனக்குத் தனியார் பாலிசி எடுத்துக்கொள். அறை வாடகைக்கு வரம்பில்லை என்று எழுதியிருந்தால் மட்டும் எடு, அதற்குச் சந்தா சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. முன்பே இருக்கும் நோய்க்குக் காப்பீடு கிடைக்க மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம் என்பதால் தள்ளிப்போடாதே.

இத்தனையும் சொல்லிவிட்டு, நானோ பழைய நிறுவனத்திலேயே புதுப்பித்துவிட்டேன். மனைவியின் சர்க்கரை நோய்க்கான காத்திருப்புக் காலம் அங்கே முடிந்துவிட்டது. நிறுவனம் மாறினாலும் அந்தக் காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. புதிய பத்திரம் சென்ற வாரம் வந்தது. நான்காம் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.