ஸ்கிராபிள் வாங்குமுன் டபிள்யூவைப் பாருங்கள்

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஆட்டமான ஸ்கிராபிளை மொரீசியஸில் வாங்கப் போகிறீர்களா? விலையைப் பிறகு பார்க்கலாம். முதலில் டபிள்யூ எழுத்துக் கட்டையைத் தேடுங்கள். மூலையில் மதிப்பெண் 4 என்று இருந்தால் ஆங்கிலப் பதிப்பு, 10 என்று இருந்தால் பிரெஞ்சுப் பதிப்பு. பெட்டியைப் பிரிக்க விடாத கடை என்றால் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணிக்கையைப் படியுங்கள். ஆங்கிலத்துக்கு 100 கட்டை, பிரெஞ்சுக்கு 102. மேலட்டையை மட்டும் பார்த்து வாங்கினால் மாறிப்போக நிறைய வாய்ப்பு உண்டு.

மாறினால் என்ன, இரண்டிலும் அதே 26 எழுத்துதானே என்று தோன்றும். பலகை உண்மையிலேயே ஒன்றுதான்: 15க்கு 15 என்று 225 கட்டம், கலர் கட்டங்களும் அதே இடத்தில். வித்தியாசமெல்லாம் கட்டைகளைப் போட்டு எடுக்கும் பைக்குள் இருக்கிறது. ஆங்கிலப் பையில் டபிள்யூ இரண்டு, ஒய் இரண்டு, ஜி மூன்று, ஓ எட்டு. பிரெஞ்சுப் பையில் டபிள்யூ ஒன்று, ஒய் ஒன்று, ஜி இரண்டு, ஓ ஆறு. அதற்குப் பதிலாக இ 12லிருந்து 15 ஆகவும், எஸ், யு இரண்டும் நான்கிலிருந்து ஆறாகவும் கூடியிருக்கும். அந்தந்த மொழியில் எந்த எழுத்து எவ்வளவு புழங்குகிறதோ அதற்கேற்ற கணக்கு இது. 1930களில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களை வைத்து எழுத்துகளை எண்ணித்தான் அளவை முடிவு செய்தார்.

பள்ளியில் ஆங்கிலம், பத்திரிகையில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல், கூடவே தமிழ் வகுப்பு என்று வளரும் பிள்ளைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் பழகத்தான் பெரும்பாலும் இதை வாங்குகிறோம். அங்கேதான் பிரெஞ்சுப் பெட்டி காலை வாரும். ஜன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’வுக்கு டபிள்யூ இரண்டு வேண்டும், பையில் இருப்பது ஒன்று, மற்றதுக்கு எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக்கட்டையைச் செலவழிக்க வேண்டும். நேற்று என்ற ‘யெஸ்டர்டே’வுக்கு ஒய் இரண்டு, அதே கதை. மதிப்பெண்ணும் நியாயமாக இருக்காது. வாரம் என்ற ‘வீக்’ ஆங்கிலப் பெட்டியில் 11 பெறும். பிரெஞ்சுப் பெட்டியில் டபிள்யூவுக்கும் கேவுக்கும் பத்துப் பத்து என்பதால் 22. ஆங்கிலத்தில் மூச்சுக்கு மூச்சு வரும் ஒரு சொல்லுக்கு இரட்டை மதிப்பெண் கொடுத்தால் பெரிய சொல்லைத் தேடும் பழக்கம் எப்படி வரும்?

பிரெஞ்சுப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஒன்பது கட்டையை எடுத்துவிட்டு ஏழைச் சேர்த்தால் ஆங்கிலப் பெட்டி தயார். எடுக்க வேண்டியவை: இ மூன்று, எஸ் இரண்டு, யு இரண்டு, எல் ஒன்று, எம் ஒன்று. சேர்க்க வேண்டியவை: ஓ இரண்டு, ஐ ஒன்று, ஜி ஒன்று, டபிள்யூ ஒன்று, ஒய் ஒன்று, ‘டாக்டர்’ சொல்லின் முதல் எழுத்தான டி ஒன்று. எடுத்த ஒன்பதில் ஏழின் மேல் தாள் ஒட்டி எழுதிக்கொள்ளலாம். மதிப்பெண் மாறும் எழுத்துகள் ஆறே ஆறு: டபிள்யூ 4, ஒய் 4, கே 5, எக்ஸ் 8, க்யூ 10, எம் 3. இதை ஒரு சீட்டில் எழுதிப் பலகையோரம் வைத்தால் போதும். ஒரே தொல்லை, தாள் ஒட்டிய கட்டை பைக்குள் கைவிடும்போது விரலுக்குத் தெரிந்துவிடும். அதனால் பையை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி எடுக்க வேண்டும்.

இனி நீளமான சொற்கள். கையில் உள்ள ஏழு கட்டையையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 கூடுதல். அதற்காகப் புதிதாக ஆடுபவர்கள் செய்யும் தவறு, ஐ-என்-ஜி மூன்றையும் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஐந்தாறு சுற்றை வீணாக்குவது. மீதி நான்கு கட்டையை வைத்துக்கொண்டு என்ன புரட்ட முடியும்? பழகியவர்கள் சேர்ப்பது ‘சாட்டின்’ துணியின் ஐந்து எழுத்தையும் ஒரு ‘இ’ கட்டையையும்தான். இந்த ஆறுடன் ஏழாவதாக எது வந்தாலும் பெரும்பாலும் சொல் கிடைத்துவிடும். ஆர் வந்தால் ரீடெய்ன்ஸ், நாஸ்டியர். ஜி வந்தால் சீட்டிங், டீஸிங். கே வந்தால் இன்டேக்ஸ். இசட் வந்தால்கூட ஸேனியஸ்ட் உண்டு. டாக்டர் டி வந்தால் இன்ஸ்டெட், டிடெய்ன்ஸ், ஸ்டெயின்ட், செயின்டட் என்று நான்கு!

இந்த நான்கையும் தமிழில் எழுதிப் பார்த்தால் ஒரே ஏழெழுத்தின் பிள்ளைகள் என்று யாராவது சொல்வார்களா? தமிழ்க் கண்ணுக்கு இந்த ஆட்டத்தில் இருக்கும் தடையே இதுதான். கடைசியிலிருந்து படித்தாலும் அதுவாகவே வரும் நம் மாலைமாற்றுப் பாட்டில் ‘கா’ ஒரே எழுத்து, திருப்பினாலும் காவாகவே நிற்கும். ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனிக் கட்டை, பிரிந்து போய் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஓசையை மறந்துவிட்டுக் கட்டையை மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். பிரெஞ்சு பேசத் தெரியாத நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையே வென்றார். சொல் பட்டியலை மனப்பாடம் செய்திருந்தார், அவ்வளவுதான்.

ஆட்டம் இல்லாத நேரத்திலும் பெட்டிக்கு வேலை உண்டு. ‘இலெவன் ப்ளஸ் டூ’ என்பதற்கான 13 கட்டையை வரிசையாக வையுங்கள். அதே கட்டைகளை மாற்றி அடுக்கினால் ‘ட்வெல்வ் ப்ளஸ் ஒன்’. எழுத்து 13, கூட்டினாலும் 13. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டினால் அடுத்த அரை மணி நேரம் வீட்டில் சத்தமே இருக்காது.

அதைவிட எங்கள் ஊருக்குப் பொருந்தும் ஒன்று இருக்கிறது. ஒளிப்பதிவாளரைக் குறிக்கும் ‘சினிமட்டோகிராஃபர்’ சரியாக 15 எழுத்து, பலகையின் ஒரு வரிசை முழுக்க நிரம்பும். அதே 15 கட்டையைக் கலைத்து அடுக்கினால் ‘மெகாகைராப்டெரன்’. பழந்தின்னி வௌவால் இனத்துக்கான பெயர். லீச்சி பழுக்கும் காலத்தில் வலை போட்டு மரத்தை மூடுகிறோமே, அந்த வௌவால்தான்! இரண்டு பதிப்பின் கட்டைகளிலும் இது வரும். ஆட்டத்துக்குள் இதைக் கொண்டுவருவது வேறு விஷயம்: ஒருவர் கையில் ஏழுதான் இருக்கும், மீதி எட்டும் ஏற்கெனவே அதே வரிசையில் சரியான கட்டங்களில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

சில சொற்கள் எந்தப் பெட்டியாலும் ஆகாது. ‘நிக்நாக்’ என்ற அலங்காரச் சாமானுக்குக் கே நான்கு வேண்டும். பையில் ஒரு கே, இரண்டு வெற்றுக்கட்டை, ஆக மூன்றுதான். ‘பொஸெஷன்லெஸ்னெஸ்’ஸில் எட்டு எஸ். அது பலகையின் அகலத்துக்கே அடங்காது.

கட்டையின் தரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்துக் குழிவாகப் பதிந்திருந்தால் அச்சு அழியாது, ஆனால் பைக்குள் விரலால் தடவியே வெற்றுக்கட்டையைக் கண்டுபிடிக்கலாம். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அந்தத் திருட்டு நடக்காது. மடிக்கும் அட்டைப் பலகை ஈரக்காற்றில் நெளிந்து, கட்டை சறுக்கும். கட்டத்துக்குக் கட்டம் வரம்பு வைத்த சுழல்பலகை விலை கூடுதல்தான். என்றாலும் மூன்றாம் எண் சூறாவளி எச்சரிக்கை வந்து கரண்டும் போய் மெழுகுவத்தியில் ஆடும்போது முழங்கை பட்டாலும் எதுவும் கலையாது.

எந்தப் பதிப்பு என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம். பிரெஞ்சு முறையில், எல்லோரும் ஒரே ஏழு எழுத்தை வைத்து ஒரே நேரத்தில் ஆடும் ‘டூப்ளிகேட்’ கற்க விரும்பினால் பிரெஞ்சு. அகராதியையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத்துக்குக் காலின்ஸ் ஸ்கிராபிள் வேர்ட்ஸ், பிரெஞ்சுக்கு லோஃபிஸியெல் து ஸ்கிராபிள். பள்ளிக்கூட அகராதியை வைத்தால் பாதிச் சொல்லுக்குச் சண்டைதான் மிஞ்சும்.

ஆடி முடித்ததும் கட்டைகளை அப்படியே பையில் கொட்டாதீர்கள். பத்துப் பத்தாகப் பத்து வரிசை (பிரெஞ்சுப் பெட்டி என்றால் கூட இரண்டு) அடுக்கினால் ஒன்று குறைந்தாலும் அப்போதே தெரியும், சோபாவுக்கடியில் தேடலாம். அடுத்த வாரம் தெரிந்தால் அது துடைப்பத்தோடு போயிருக்கும்.