ஆவாரை நாற்று: ஓராண்டு வளர்த்த பின் ஒரு மதிப்பீடு

நாற்றுப்பண்ணையில் வாங்கிய இரண்டு ஆவாரை நாற்றுகளில் ஒன்று, ஆணிவேர் பையின் அடியில் நெடுநாள் சுருண்டு கிடந்திருந்ததால், நட்ட 15-ஆம் நாளே பட்டுப்போனது. பையிலேயே நெடுநாள் உயர்ந்த செடியைவிடச் சிறு நாற்றே மேல் என்று விற்றவர்கள் முன்பே சொல்லியிருக்கலாம். மற்றொன்றோ, வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றியதோடு சரி, கோடையைத் தானாகவே தாங்கி, இன்று இடுப்பளவு உயர்ந்து கிளை நுனிதோறும் மஞ்சள் கொத்துகளுடன் நிற்கிறது. மகரந்தப் பைகள் நுனித்துளை வழியே மட்டும் திறப்பவை என்பதால், தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து உலுக்கும்போதுதான் மகரந்தம் கொட்டுகிறது. காலையில் அருகே நின்றால் அந்த ஒலி தெளிவாகக் கேட்கும். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுக்கள் தளிரைத் தின்றாலும், மருந்தின்றியே மீண்டும் துளிர்த்தது. தட்டையான காய்களில் கிடைத்த விதைகளின் தோல் கெட்டியானது என்பதால், உப்புத்தாளில் தேய்த்து ஓரிரவு ஊறவைத்து, இம்முறை நேரடியாக மண்ணிலேயே ஊன்றியிருக்கிறேன்.