வெபினாரா, நேர்காணல் பயிற்சியா, மாதாந்திர கேஸ் கூட்டமா?

சாதி, மதம், மொழி, பாலினம் என்று பலவற்றிலும் தன்னிலிருந்து வேறுபட்ட ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்பதை ஆலோசகர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த பிறகுதான் கற்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாலினம், பாலீர்ப்பு, மதம், பண்பாடு, சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் எதன் பேரிலும் பாகுபாடில்லாத மனநலச் சேவையை உரிமையாகவே வைத்திருக்கிறது. அந்த உரிமை கவுன்சலிங் அறைக்குள் வந்து சேர எந்தப் பயிற்சிக்கு நேரத்தையும் பணத்தையும் கொடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் வெபினார். ஒன்றரை மணி நேரம், போனிலேயே பார்க்கலாம், கட்டணமும் குறைவு. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள மருத்துவ உளவியலாளர்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க சி.ஆர்.இ. என்னும் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும், அதற்கு இது வசதி. ஆனால் நிகழ்ச்சி ஆர்.சி.ஐ. ஒப்புதல் பெற்றதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். பதிவில்லாத ஆலோசகருக்கு அந்தப் புள்ளிகளால் பயனில்லை, சான்றிதழ் மட்டும் மிஞ்சும்.

சட்டமும் சொற்களும் தெரிந்துகொள்ள வெபினாரே போதும். பாலீர்ப்பை மாற்ற முயலும் ‘சிகிச்சை’க்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் பிறப்பித்த உத்தரவு, அந்தச் ‘சிகிச்சை’யை 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது, அதே ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட பாலினச் சொற்களஞ்சியம்: ‘திருநர்’ (டிரான்ஸ்ஜெண்டர்), ‘பால்புதுமையர்’ (குயர்) போன்ற சொற்களைச் சரியாகப் பயன்படுத்த இவை அடிப்படை. சிக்கல், ‘இந்தச் சமூகத்தினர் இப்படி’ என்று ஸ்லைடு ஸ்லைடாக வரும்போது தொடங்குகிறது. திங்கட்கிழமை ஓர் இஸ்லாமியப் பெண் வந்தால், அவர் பேசுவதற்கு முன்பே ஸ்லைடு பேசிவிடும். கூட்டுக்குடும்ப நெருக்கடி என்று நாம் எழுதி வைத்திருப்போம். அவர் தூக்கம் வராததற்குக் காரணம் வீட்டுக் கடனாக இருக்கும்.

திறன் வளர்வது வேறு விதம். மாற்றத்துக்கான விருப்பத்தை வந்தவரிடமிருந்தே பேச்சில் வெளிக்கொணரும் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் முறையைக் கற்க வந்த 140 ஆலோசகர்களைப் பிரித்துப் பார்த்த 2004 ஆய்வில், கையேடும் வீடியோவும் மட்டும் கிடைத்தவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. பட்டறைக்குப் பிறகு பின்னூட்டமோ தனிப்பட்ட வழிகாட்டலோ கிடைத்தவர்கள்தான் கூடுதலாகத் தேறினார்கள். கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் கை பழகாது.

இரண்டாவது வழி, வந்தவரின் பின்னணியையும் பார்வையையும் கேட்டறியும் பண்பாட்டு நேர்காணலில் நேரடிப் பயிற்சி. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய் கண்டறியும் கையேட்டில் இதற்கென்றே 16 கேள்விகள் உள்ளன. அதை வெளியிடும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இவற்றை இலவசமாகவே தருகிறது. பிரச்சினையை வந்தவர் எப்படிச் சொல்கிறார், காரணம் என்ன என்று நினைக்கிறார், இதுவரை என்ன செய்து பார்த்தார், இப்போது எந்த உதவி வேண்டும் என்ற வரிசையில் போகும். பழகிய கைக்கு அரை மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் கேள்விகளைத் தமிழில் அப்படியே வாசித்தால் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. நல்ல பயிற்சியின் சாரமே அந்த இடங்கள்தான்.

காரணம் கேட்கும் நான்காவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். “இது ஏன் வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?” என்றால், “அத நீங்கதான் சொல்லணும் டாக்டர்” என்பார். செய்வினை என்று சொன்னால் படித்தவர் சிரித்துவிடுவாரோ என்ற பயம் அதில் பாதி. “சில பேரு செய்வினைன்னு சொல்லுவாங்க, சில பேரு நரம்புத் தளர்ச்சிம்பாங்க, கடன் தொல்லைம்பாங்க. உங்க வீட்ல என்ன சொல்றாங்க?” என்று மாற்றிக் கேட்டால் பேச்சு திறக்கும். எட்டாவது கேள்வி இன்னும் ஆபத்தானது. ‘உங்கள் பின்னணி, அடையாளம்’ என்பதைப் பேச்சுத் தமிழில் எளிமையாக்கப் போய், “நீங்க என்ன ஆளுங்க?” என்று வாயில் வந்துவிட்டால் அது நேரடியாகச் சாதி விசாரணை. அங்கேயே கதவு சாத்திக்கொள்ளும். “ஊர், மொழி, வேலை, சாமி, சாதி, ஆண் பெண் விஷயம், இதுல எது உங்க வாழ்க்கையில பெரிசா நிக்குது? சொல்லத் தோணுறத மட்டும் சொல்லுங்க” என்பது பாதுகாப்பான வடிவம். சாதி என்ற சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் இங்கே அதைப் பேச முடியாது என்று அவர் புரிந்துகொள்வார். கடைசிக் கேள்வி, நமக்கும் அவருக்கும் இடையில் தவறான புரிதல் வருமோ என்பது. முதல் நாள் “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றுதான் பதில் வரும். மூன்றாவது சந்திப்பில் மறுபடி கேட்க வேண்டும்.

இதற்கு ஆய்வுப் பலமும் உண்டு. பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றிய சிகிச்சைகளை 2011இல் தொகுத்துப் பார்த்தபோது, வந்தவர் தன் துன்பத்துக்குச் சொல்லும் விளக்கத்தோடு சிகிச்சையின் விளக்கத்தைப் பொருத்தியதே பலனைக் கூட்டிய மாற்றமாகத் தெரிந்தது. அந்த விளக்கத்தைக் கேட்டு வாங்குவதுதான் இந்த நேர்காணலின் வேலை.

மூன்றாவதாக, குறிப்பிட்ட ஒரு சமூகத்தினரோடு ஆழமாக வேலை செய்யக் கற்றுத்தரும் சான்றிதழ் வகுப்புகளும் உண்டு. மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற மனநல அமைப்பு நடத்தும் பால்புதுமையர் ஆதரவு ஆலோசனைப் பயிற்சியை, அந்த அடையாளம் உள்ள மனநலப் பணியாளர்களே வடிவமைத்தார்கள். நம் மனதில் ஊறிப்போனதை எதிரிலேயே காட்டுவார்கள். திருநர்களோ தன்பாலீர்ப்பாளர்களோ மாதத்துக்கு ஒருவராவது வரும் இடமாக இருந்தால், கட்டணத்தைப் பார்க்காமல் சேரலாம். சாதி, மொழி பற்றிய தடுமாற்றத்தை அதே வகுப்பு தீர்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நான்காவது, ஆலோசகர்கள் சேர்ந்து தங்கள் கேஸ்களைப் பேசிப் பார்க்கும் மாதாந்திர கேஸ் கூட்டம். புள்ளியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஆனாலும் ஒன்றுதான் முடியும் என்றால் எங்கள் தேர்வு இதுவே. சிறு பாடமும் உண்மையான கேஸும் சேர்ந்த எக்கோ முறை 2003இல் நியூ மெக்சிகோவில் கல்லீரல் அழற்சி சிகிச்சைக்காகத் தொடங்கியது. பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அதை மனநலத்துக்குக் கொண்டுவந்தது. நீங்களே நடத்துவதானால் நான்கு முதல் ஆறு பேர், 90 நிமிடம், இரண்டு கேஸ். கேஸுக்கு 45 நிமிடத்தில் பத்து நிமிடம் விவரம், பத்து நிமிடம் கேள்வி மட்டும், பதினைந்து நிமிடம் யோசனை, கடைசிப் பத்து நிமிடம் அடுத்த சந்திப்பில் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை நடித்துப் பார்க்கும் ரோல்-ப்ளே. கேள்வி நேரத்தில் யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. இந்த விதி உடைந்தால் சீனியர் ஒருவர் மட்டும் பேசி முடிப்பார்.

கூட்டம் கெடும் வழிகள் இரண்டு. ஒன்று, எல்லாரும் ஒரே சாதி, ஒரே கல்லூரி. தலித் ஆலோசகரோ, திருநர் ஆலோசகரோ, இந்தி தெரிந்தவரோ இல்லாத குழுவில் ஒரே குருட்டுப் புள்ளி ஆறு பேருக்கும் இருக்கும். அவர்களை அழைத்துவிட்டு ‘உங்க ஆட்களப் பத்திச் சொல்லுங்க’ என்று இலவச ஆசிரியராக்குவதும் தவறு. அவர்களும் கேஸ் கொண்டு வரத்தான் வருகிறார்கள். இரண்டு, ரகசியம். பெயரை எடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். சிறு ஊரில் சாதி, தெரு, தொழில் மூன்றும் சேர்ந்தால் ஆளே தெரிந்துவிடும். மூன்றில் இரண்டை மாற்றுங்கள், வாட்ஸ்அப்பில் கேஸ் எழுதாதீர்கள்.

திருப்பூர் போன்ற இடங்களில் புலம்பெயர் தொழிலாளர்களைப் பார்ப்பவர்கள், இரண்டு கூட்டத்தையாவது மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்வதற்கு ஒதுக்க வேண்டும். கம்பெனி சூப்பர்வைசர் மொழிபெயர்த்தால் சம்பளப் பிடித்தம் பற்றி ஒரு வார்த்தை வராது. வெளியாளை வைத்து, முன்னதாகப் பத்து நிமிடம் பேசி, ‘அவர் சொல்றாரு’ என்று சேர்க்காமல் ‘நான்’ என்றே மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டும்.

ஓர் ஆண்டுக்கு இப்படிப் பிரிக்கலாம்: சட்டத்துக்கும் சொற்களுக்கும் இரண்டு வெபினார், நேர்காணலுக்கு இரண்டு நாள் நேரடிப் பட்டறை, பிறகு மாதம் தவறாமல் கூட்டம். பட்டறைக்குப் பணம் கட்டும் முன் நடத்துபவரிடம் மூன்று கேளுங்கள். ரோல்-ப்ளே தமிழிலா? நேரத்தில் பாதியாவது அதற்குப் போகுமா? ஒரு மாதம் கழித்து எங்கள் ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்துவீர்களா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால், அதே பணத்தில் கூட்டத்துக்கு ஓர் அனுபவசாலியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்துக்கொள்ளலாம்.