ஜெராம் கரையில் பறவை பார்க்கும் பயணம்: பணத்திற்குத் தகுந்ததா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், காப்பார் வட்டாரத் தோட்டப்புறத்து இளைஞர்கள் சிலர் நடத்தும் கரையோரப் பறவைப் பயணத்தில், கடந்த மார்ச் மாத ஞாயிறு ஒன்றில் குடும்பத்தோடு கலந்துகொண்டோம். ஆளுக்கு 80 வெள்ளிக் கட்டணத்தில் வேன், பசியாறல், பைனாகுலர் ஆகிய மூன்றும் அடங்கும். விளக்கம் முழுவதும் தமிழிலேயே இருந்ததால் என் மாமியார்கூட ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். பசியாறலுக்குத் தந்த நாசி லெமாக்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இச்சேவையின் பலம் வழிகாட்டிதான். ஜெராம் கரையில் அலையாத்தி மரங்களின் ஓரமாக எங்களை நிறுத்தினார். நீர் ஏறத் தொடங்கியதும் கோட்டான் (ஆந்தையல்ல, நீண்ட அலகுடைய கரைப்பறவை) ஒன்று அருகில் வந்து, வளைந்த அலகைச் சேற்று வளைக்குள் முழுவதுமாகச் செலுத்தி நண்டை இழுத்தெடுத்தது. கால்கள் கழன்று விழும்வரை அதை உதறிவிட்டு உடலை மட்டும் விழுங்கியது. படமெடுக்க முன்னேறிய ஒருவரை, “அங்கிள், இதுக்கு மேல போனா எல்லாம் பறந்துடும்” என்று வழிகாட்டி தடுத்தார்.

அதற்கான காரணத்தையும் அவர் விளக்கினார். ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் வந்து சேரும் இப்பறவைகளில் பல, மார்ச், ஏப்ரலில் சைபீரியா போன்ற வடபுலங்களுக்குத் திரும்புகின்றன. புறப்படுமுன் அவை உடலில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறை வீணாக எழுப்பிவிடும்போதும் இரை தேடும் நேரமும் சேர்த்த கொழுப்பும் குறைகின்றன. இவற்றைப் போன்ற கரைப்பறவையான பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. அந்தக் கொழுப்பு இல்லையேல் அது நடந்திருக்காது. இக்கரைப்பறவைகளில் பல வழியில் இறங்கி இரை தேடும், சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் கரையில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் சேற்றுப்பரப்பின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மிஞ்சியவற்றில் சீனக் கரையின் சில பகுதிகளை 2019இலும், தென்கொரியாவின் சில பகுதிகளை 2021இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் காப்பார் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் கொட்டும் குளங்களும், நீர் ஏறும்போது பறவைகள் கூட்டமாக ஒதுங்கும் இடமாகப் பறவை ஆர்வலர்களிடையே பெயர் பெற்றவை. நாமோ புகைபோக்கியை மட்டும் பார்த்துக்கொண்டு அவ்வழியே போகிறோம்.

குறைகளும் உண்டு. கடலேற்றம் எந்நேரமாயினும் வேன் காலை ஒன்பது மணிக்கே புறப்படுகிறது. நாங்கள் சேர்ந்தபோது கடல் வெகுதூரம் வற்றியிருந்ததால், நெடுநேரம் புள்ளிகளைத்தான் பார்த்தோம். பறவைகள் நெருங்கிவந்த வேளையில் திரும்பும் நேரமாகிவிட்டது. பைனாகுலர் போக, அத்தனை பேருக்கும் பெரிய தொலைநோக்கி ஒன்றே இருந்ததால் குழந்தைகள் வரிசையில் நின்று சலித்தார்கள். வேறொரு குழுவினர் டிரோன் பறக்கவிட்டதில் உப்புக்கொத்திப் பறவைக் கூட்டம் முழுவதும் எழும்பியபோது, எங்களிடம் அத்தனை கண்டிப்பாக இருந்த வழிகாட்டி அவர்களிடம் வாய் திறக்கவில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இருப்பினும் கட்டணம் நியாயமானதே. முன்பதிவு செய்வோர் முதலில் கடலேற்ற அட்டவணையைப் பார்த்து, உச்ச நீருக்கு இரண்டு மணி நேரம் முன்பாகக் கரையில் இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.