மங்கோலியக் குதிரையை வரைய ஏற்றது எது: மங்கோல் ஜுராக்கா, எண்ணெய் ஓவியமா?

மங்கோலியரின் குதிரையை ஓவியத்தில் காண விரும்புவோர் முன் இரண்டு மரபுகள் உள்ளன. ஒன்று, பௌத்த மடாலயங்களில் துணியில் தீட்டப்படும் தங்கா ஓவியத்திலிருந்து கிளைத்த ‘மங்கோல் ஜுராக்’. மற்றொன்று, 20ஆம் நூற்றாண்டில் சோவியத் செல்வாக்கோடு வேரூன்றிய எண்ணெய் வண்ண ஓவியம்.

முதல் மரபின் சிகரங்களாக பல்டூகின் ஷாரவ் (1869–1939) வரைந்த ‘மங்கோலியாவில் ஒரு நாள்’, ‘ஐரக் விருந்து’ ஆகிய இரண்டையும் சொல்லலாம். இவற்றில் ஒளியையும் நிழலையும் கொண்டு உடலின் திரட்சியைக் காட்டும் முயற்சி இல்லை. மெல்லிய கோட்டுக்குள் தட்டையான நிறம் மட்டுமே உண்டு. குதிரை விரலளவே இருந்தாலும், அதைச் சுற்றி வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஐரக் என்பது புளிக்கவைத்த குதிரைப்பால். குட்டியை முதலில் ஊட்டவிட்டுப் பால் சுரந்த பிறகே கறக்க வேண்டியிருப்பதால், அந்த வேலைக்குத் தாய், குட்டி, கறப்பவர் ஆகிய மூவரும் வேண்டும். இந்தக் கூட்டுறவைக் காட்டப் பல காட்சிகளை ஒரே பரப்பில் அடுக்கும் ஜுராக் முறைதான் பொருந்துகிறது. எண்ணெய் ஓவியனோ பெரும்பாலும் ஒரு கணத்தையும் ஒரு கோணத்தையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

நிறத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. மங்கோலிய மேய்ப்பர்கள் பொதுவாகக் குதிரைக்குப் பெயரிடுவதில்லை. மேனி நிறத்தையும் சூட்டுக்குறியையும் கொண்டே அடையாளம் சொல்கிறார்கள். மாலை வெயிலைத் தத்ரூபமாகத் தீட்டும் எண்ணெய் ஓவியத்தில் செந்நிறக் குதிரையும் பழுப்புக் குதிரையும் ஒன்றாகிவிடக்கூடும். மேய்ப்பனுக்கு அது இழப்பு. ஜுராக்கின் தட்டை நிறமோ அவன் கண்ணோடு ஒத்துப்போகிறது.

மாஸ்கோவில் ஓவியம் பயின்ற மங்கோலிய ஓவியர் உர்ஜின்கின் யாதம்சுரெனே 1958இல் ‘முதிய குவூர்க் கலைஞர்’ என்ற தம் ஓவியத்தை ஜுராக் முறையில்தான் வரைந்தார். குதிரைத்தலை செதுக்கி, குதிரைமயிரை நரம்பாக்கிய மொரின் குவூர் இசைக்கும் முதியவரே அதன் பொருள்.

ஆயினும் ஜுலை மாதம் மங்கோலியர் கொண்டாடும் ‘நாதம்’ என்ற விளையாட்டுத் திருவிழாவின் நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தை நான் எண்ணெய் ஓவியத்துக்கே விட்டுக்கொடுப்பேன். சிறுவர்கள் ஓட்டிவரும் குதிரைகளின் வியர்வை, மூச்சிரைப்பு, புல்வெளிப் புழுதி ஆகியவற்றுக்கு நிழலும் மங்கலும் தேவை. ஜுராக்கில் பாயும் குதிரை அழகிய வடிவமாகவே நிற்கிறது, அது களைப்பதில்லை.