கனிம மாதிரிப் பெட்டி: தட்டு சூப்பர், லேபிள் சொதப்பல்

மோஸ் கடினத்தன்மை வரிசையில் (எந்தக் கல் எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை அடுக்கியது, எண் கூடினால் கடினமும் கூடும்) 1-இல் உள்ள டால்க்கில் தொடங்கி 9-இல் உள்ள குருந்தம் வரை ஒன்பது கற்கள், கூடவே ஹேமடைட், மேக்னடைட், பைரைட், ஒரு சின்னக் காந்தம், மெருகிடாத வெள்ளைப் பீங்கான் தட்டு, லென்ஸ். பத்தாவதான வைரம் கிடையாது, இந்த விலைக்கு அதைக் கேட்பதும் நியாயமில்லை.

கொடுத்த காசு அந்தப் பீங்கான் தட்டுக்கே சரியாகப் போச்சு. கல்லின் நிறத்தை நம்பவே கூடாது என்பது அதில் இழுத்துப் பார்த்தால்தான் புரியும்: ஹேமடைட்டும் மேக்னடைட்டும் பார்வைக்கு ஒரே கருப்பு, ஆனால் முதலாவது செம்பழுப்புக் கோடு போடும், இரண்டாவது கருங்கோடு (அது காந்தத்திலும் ஒட்டும், சேலம் கஞ்சமலையில் இருக்கிற இரும்புத்தாது இதுதான்). பைரைட் தங்கம் மாதிரி மின்னினாலும் கோடு பச்சை கலந்த கருப்பு, நிஜத் தங்கமென்றால் மஞ்சளாக விழும்.

இப்போது குறை. எனக்கு வந்த பெட்டியில் ஃப்ளோரைட், அபடைட் லேபிள்கள் இடம் மாறியிருந்தன, இரண்டுமே பச்சை வேறு. ஒன்றால் மற்றொன்றைக் கீறிப் பார்த்தேன், கீறல் விழுந்தது ஃப்ளோரைட், ஏனென்றால் அது 4, அபடைட் 5. கையேடும் சுமார்தான். குவார்ட்ஸ், புஷ்பராகம் எல்லாம் தட்டைவிடக் கடினம், இழுத்தால் கோடு விழாது, தட்டுதான் தேயும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

லென்ஸ் வெறும் விளையாட்டுச் சாமான், 10 மடங்கு லென்ஸ் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கித் தரலாம்.